உயிரச்சமும் நினைவும்

மறதியைக் குற்றமாகவே கருதிப் பழகிய தொழில் நம்முடையது. நேற்றுச் சொல்லிக் கொடுத்த செய்யுளை இன்று ஒப்பிக்க இயலாத மாணவனைப் பார்த்து, "கவனம் எங்கே போயிற்று?" என்று கேட்கிறோம். அக்கேள்விக்கு உண்மையான விடை ஒன்று உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கவனம் எங்கோ போயிருக்கத்தான் செய்கிறது. அஃது எங்கே போகிறது, ஏன் போகிறது என்பதை உளநூலார் நூறாண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகின்றனர். அவ்வாராய்ச்சியுள் மிகவும் கூர்மையான பகுதி, உயிருக்குக் கேடு சூழ்ந்த இடத்தில் வேலை செய்வோரின் அறிவும் நினைவும் என்ன ஆகின்றன என்பதாகும். தீயணைப்போர், விமானிகள், கடலில் மூழ்கி வேலை செய்வோர், போர்க்கைதிகள் ஆகியோரைப் பற்றிய செய்திகள் இதில் அடங்கும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கும் இதில் நெருங்கிய தொடர்பு உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

முதலில் ஒரு காட்டுத் தீயைக் காண்போம்.

1949ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள். அமெரிக்க நாட்டின் மொன்டானா மாநிலத்தில், மிசூரி ஆற்றை அடுத்த மான் கல்ச் என்னும் மலைப் பள்ளத்தில் தீப் பிடித்தது. அதனை அணைக்க 15 பேர் விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக்கொண்டு குதித்தனர். அங்கே முன்னரே தனியாகப் போராடிக் கொண்டிருந்த காட்டுக் காவலர் ஒருவரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். பெரும்பாலோர் இளைஞர்கள், உடல் வலிமை மிக்கவர்கள். அவர்கள் ஆற்றை நோக்கி இறங்கிக் கொண்டிருந்தபோது, தீ பள்ளத்தைத் தாண்டிக் குதித்து அவர்களுக்கு முன்னால் வந்து நின்றது. திரும்பி மேட்டை நோக்கி ஏறினர். செங்குத்தான மேடு, காய்ந்த புல். புல்லில் பிடித்த தீ மனிதன் ஓடுவதை விட விரைவாக ஏறியது.

குழுத் தலைவர் வாக்னர் டாட்ஜ் என்பவர், கையில் உள்ள கனமான கருவிகளை எறிந்துவிட்டு ஓடும்படி கட்டளையிட்டார். சிலர் எறிந்தனர். சிலர் மண்வெட்டியையும் கோடரியையும் சுமந்தபடியே ஓடினர். தீ நெருங்கிவிட்டது என்று கண்ட டாட்ஜ், ஒரு காரியம் செய்தார். தீக்குச்சியைக் கிழித்துத் தமக்கு முன்னால் இருந்த புல்லுக்குத் தாமே தீ வைத்தார். அப்புல் எரிந்து சாம்பலானதும் அந்தச் சாம்பலில் நுழைந்து குப்புறப் படுத்துக்கொண்டார். எரிவதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை யாதலால் பெருந்தீ அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. தம்மோடு வருமாறு மற்றவர்களையும் அவர் கூவி அழைத்தார். ஒருவரும் வரவில்லை. தலைவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே தாம் எண்ணியதாகப் பிழைத்தவருள் ஒருவர் பின்னாளில் கூறினார். 16 பேருள் 13 பேர் மாண்டனர். டாட்ஜும், பாறை இடுக்கு ஒன்றில் புகுந்து மேட்டைக் கடந்த இருவருமே எஞ்சினர்.

மாண்டவர்கள் அறிவிலிகள் அல்லர். பின் ஏன் கருவிகளை விடவில்லை? ஏன் எரிந்து முடிந்த நிலத்தில் புகவில்லை?

இது ஒருநாள் நேர்ந்த விந்தை என்று தள்ளிவிடவும் முடியாது. 1994 சூலையில் கொலராடோ மாநிலத்தில் ஸ்டார்ம் கிங் மலையில் இதே போன்ற தீயில் 14 பேர் இறந்தனர். அங்கேயும் கருவியும் மூட்டையும் சுமந்தபடி இறந்தவர்கள் இருந்தனர். தப்பிய ஒருவர் சொன்ன செய்தி நெஞ்சை விட்டு அகல்வதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் போதுதான் தம் தோளில் வாள் இயந்திரம் இன்னும் இருப்பதை உணர்ந்தாராம். உணர்ந்தவுடன் எறிந்தாரா என்றால் இல்லை. அது தீயில் கருகாமல் இருக்கும்படி வைக்க நல்ல இடம் எங்கே என்று தேடத் தொடங்கினாராம்!

இதன் காரணத்தை உடலிலிருந்து தொடங்கிச் சொல்ல வேண்டும். அஞ்சத்தக்க ஒன்று கண்ணிலோ காதிலோ பட்டதும், மூளையின் உட்புறத்தில் பாதாம்பருப்பு வடிவில் அமைந்துள்ள அமிக்டலா என்னும் பகுதி விழித்துக்கொள்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை உடனேயும், கார்ட்டிசோல் என்பதைச் சில நிமிடங்கள் கழித்தும் இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, தசைகளுக்குக் குருதி பாய்கிறது. இவையெல்லாம் ஓடுவதற்கும் அடிப்பதற்கும் உதவும் ஏற்பாடுகள். ஆனால் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதிக்கு இவ்வேற்பாடு கேடாக முடிகிறது. இரண்டு மூன்று செய்திகளை ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்ப்பதும், பழக்கத்தை அடக்கிப் புதிய வழியை எண்ணுவதும் அப்பகுதியின் வேலை. கட்டுக்கடங்காத அச்சத்தில் சுரக்கும் பொருள்கள் அதன் வேலையைத் தளரச் செய்கின்றன. அது தளர்ந்தால், பல்லாண்டு பழகிய பழக்கங்கள் ஆட்சியைக் கைப்பற்றுகின்றன. கருவியைத் தொலைக்காதே, கருவியே உன் உயிர் என்று பயிற்சி நாள் முதலாகக் கேட்டு வந்தவன், உயிர் போகும் வேளையிலும் கருவியைக் காக்கிறான்.

கவனமும் குறுகுகிறது. 1959இல் ஈஸ்டர்புரூக் என்னும் உளநூலார் இதனைத் தெளிவாக எடுத்துரைத்தார். கிளர்ச்சி மிகும்போது மனம் பற்றிக்கொள்ளும் குறிப்புகளின் தொகை குறைகிறது; நடுவில் உள்ளது தெளிவாகத் தெரிய, ஓரத்தில் உள்ளவை மறைகின்றன. மேட்டின் உச்சி ஒன்றே அந்த இளைஞர்களின் கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்தில் சாம்பல் தரையில் நின்று கூவியவர் அவர்கள் கவனத்தின் ஓரத்தில் இருந்தார்.

ஆசிரியப் பயிற்சி பெற்ற அன்பர்களுக்கு இவ்விடத்தில் யெர்க்ஸ், டாட்சன் இருவரின் பெயரும் நினைவுக்கு வரும். அச்சமோ கிளர்ச்சியோ சிறிது இருந்தால் வேலை நன்றாக நடக்கும், மிகுந்தால் கெடும் என்று மணி வடிவில் ஒரு கோடு வரைவோமே, அதற்கு அவர்கள் பெயரைத்தான் இட்டிருக்கிறார்கள். நானும் அக்கோட்டை வரைந்து மதிப்பெண் பெற்றவன்தான். 1908இல் அவர்கள் உண்மையில் செய்தது எலிகளைக் கொண்டு செய்த சோதனை என்பதும், அதன் முடிவு அந்த ஒற்றைக் கோட்டை விடச் சுவையானது என்பதும் பல ஆண்டு கழித்தே எனக்குத் தெரிந்தன. எளிதில் வேறுபடுத்தக் கூடிய இரண்டு பெட்டிகளுள் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் வேலையில், மின்னதிர்ச்சி கூடக் கூட எலிகள் விரைவாகவே கற்றன. வேறுபாடு நுட்பமாக இருந்த கடினமான வேலையில் மட்டுமே வலிய அதிர்ச்சி கற்றலைத் தடுத்தது. எலிக்கும் மாணவனுக்கும் முடிச்சுப் போடுவது முறையன்று. ஆயினும் பிரம்பைக் கண்ட பையனுக்கு வாய்பாடு வந்துவிடுவதும், கட்டுரை வராமற் போவதும் நம்மில் மூத்தவர்கள் கண்டறிந்த உண்மைதானே!

என் அனுபவம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் எரிவாயு அடுப்பில் தீ மூண்டது. தீயணைக்கும் கருவி இருந்த அலமாரியைத் திறக்கச் சாவி வேண்டும். அலுவலக அறைக்கு ஓடி மேசை இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கொட்டினேன். சமையற்கார அம்மையார் நனைத்த சாக்கை அடுப்பின் மேல் போட்டுத் தீயை அணைத்த பின்னர், சாவி என் சட்டைப் பையில் இருப்பதைக் கண்டேன். ஆண்டுக்கு இருமுறை தீப்பயிற்சி நடத்தி அறிக்கை அனுப்பும் தலைமையாசிரியர் நான். அலமாரிக்குப் பூட்டு எதற்கு என்று அதற்கு முன் ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்டதில்லை. இப்போது பூட்டு இல்லை.

இனி, ஆராய்ச்சியாளர் செய்த சோதனைகளைப் பார்ப்போம். உயிரச்சத்தைச் சோதனைச் சாலையில் உண்டாக்குவது கடினம். உண்டாக்கினாலோ, அதுவே தீங்காக முடியும். 1962இல் வெளியான ஒரு ஆராய்ச்சியில் அமெரிக்கப் படைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களை விமானத்தில் ஏற்றிச் சென்றனர். வானில் விமானத்துக்குக் கோளாறு நேர்ந்துவிட்டது, கடலில் இறக்கப் போகிறோம் என்று நம்பச் செய்தனர். அந்நிலையில் அவர்கள் கையில் படிவங்களைக் கொடுத்து, உடைமைகள் யாரைச் சேர வேண்டும் என்பது போன்றவற்றை எழுதச் சொன்னதோடு, முன்னர்ப் படித்த ஆபத்துக்கால விதிகளை நினைவுகூர்ந்து விடையளிக்கவும் சொன்னார்கள். விமானம் பத்திரமாகத்தான் இருந்தது. தரையில் அமைதியாக அதே படிவங்களை எழுதியவர்களை விட இவர்கள் மிகுதியாகத் தவறு செய்தனர். உயிரைக் காக்கும் விதிகள், உயிருக்கு ஆபத்து என்று நம்பிய அந்த வேளையிலேதான் நினைவை விட்டு நழுவின. பயனுள்ள முடிவுதான். ஆனால் ஒருவனைச் சாகப் போகிறாய் என்று ஏமாற்றி அறிவு வளர்ப்பது எனக்கு உடன்பாடன்று. இன்றைய ஆராய்ச்சி ஒழுக்க விதிகளும் இதனை ஒப்புக்கொள்ளா.

பிரிட்டிஷ் உளநூலார் ஆலன் பேட்லி இதனினும் நேர்மையான வழியைத் தேர்ந்தார். அஞ்சத்தக்க இடத்தில் தாமே விரும்பி வேலை செய்வோரைத் தேடிப் போனார். கடலில் மூழ்கி வேலை செய்வோரைக் கொண்டு 1966இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி புகழ் பெற்றது. ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில், அழுத்தம் மிகுந்த காற்றில் உள்ள நைட்ரஜன் மதுவைப் போல் அறிவை மந்தமாக்கும். இது முன்னரே தெரிந்த செய்தி. திருகாணிகளை ஒரு துளையிலிருந்து கழற்றி மறு துளையில் பொருத்தும் சிறு வேலையைக் கொடுத்து, கரையில் உள்ள அழுத்த அறையிலும் திறந்த கடலின் ஆழத்திலும் அவர் சோதித்தார். அழுத்தம் ஒன்றே. ஆனால் கடலில் வேலை மிகவும் தாழ்ந்தது. அழுத்தத்தின் கெடுதியையும் நீரின் இடைஞ்சலையும் கூட்டினாலும் அவ்வளவு வராது. எஞ்சிய பங்கு அச்சத்தினுடையது என்று பின்னர் அவர் கருதினார். அமைதியான தெளிந்த நீரில் செய்தபோது அந்த மிகையான தாழ்வு காணப்படவில்லை என்பது அதற்கு ஒரு சான்று. தொழிலில் பழகப் பழக அச்சம் ஆபத்து நேரும் கணத்துக்குச் சற்று முன்னதாகவே தோன்றி அடங்கக் கற்றுக்கொள்கிறது என்பதைப் பாராசூட்டில் குதிப்போரிடம் மற்ற ஆராய்ச்சியாளர் கண்டனர்.

அதே பேட்லி, காடன் என்பவரோடு சேர்ந்து 1975இல் செய்த மற்றொரு சோதனை எல்லா உளநூற் பாடநூல்களிலும் இடம் பெற்றது. மூழ்குவோருக்கு 36 சொற்களைக் கரையிலோ நீருக்கடியிலோ கற்பித்து, கரையிலோ நீருக்கடியிலோ சொல்லச் செய்தனர். கரையில் கற்றுக் கரையில் சொன்னோர் சராசரி 13.5 சொற்களும், நீரில் கற்று நீரில் சொன்னோர் 11.4 சொற்களும் சொன்னார்கள். இடம் மாறியவர்களோ 8.6, 8.4 என்ற அளவில் நின்றுவிட்டார்கள். கற்ற இடமே நினைவைத் திறக்கும் திறவுகோல் என்று இதனைக் காட்டி நாம் சொற்பொழிவு ஆற்றியிருக்கிறோம். 2021இல் டச்சு ஆராய்ச்சியாளர் ஒருவர் இச்சோதனையை மறுபடி செய்து பார்த்தார். அந்த வேறுபாடு கிடைக்கவில்லை. ஆகவே இடத்தின் ஆற்றல் பொய் என்று சொல்லிவிட முடியாது. வேறு பல சோதனைகள் அதற்குத் துணை நிற்கின்றன. ஆனால் அதன் அளவு நாம் நினைத்தது போல் உறுதியானதன்று. பாடநூலில் அச்சாகிவிட்டால் ஐயம் தீர்ந்துவிடுகிறது என்று எண்ணும் நம் வழக்கத்துக்கு இஃது ஒரு நல்ல மருந்து.

ஆபத்தின்போது நேரமே மெல்ல ஓடியது என்று பலர் சொல்லக் கேட்கிறோம். அமெரிக்காவில் 2007இல் இதனையும் சோதித்தனர். 31 மீட்டர் உயரத்திலிருந்து ஆட்களை முதுகுப்புறமாக வலையில் விழச் செய்தனர். தாம் விழுந்த நேரத்தை, பிறர் விழுந்ததைப் பார்த்து மதித்த நேரத்தை விட 36 விழுக்காடு மிகுதியாக அவர்கள் மதித்தார்கள். ஆனால் மணிக்கட்டில் கட்டிய கருவியில் விரைந்து மின்னிய எண்களை விழும்போது படிக்க அவர்களால் இயலவில்லை. காட்சி உண்மையிலேயே மெதுவாகியிருந்தால் படித்திருப்பார்கள். அப்படியாயின் நீண்டது எது? நினைவு நீண்டது. அச்ச வேளையில் சில செய்திகள் அவ்வளவு அடர்த்தியாகப் பதிகின்றன. திரும்பிப் பார்க்கும்போது அவ்வடர்த்தியை நாம் நேரம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

அடர்த்தியாகப் பதிகின்றன என்பதால் எல்லாம் சரியாகப் பதிகின்றன என்று கொள்ளலாகாது. அமெரிக்கப் படையினருக்குப் பகைவர் கையில் அகப்பட்டால் எவ்வாறு தாங்குவது என்று பயிற்சி அளிக்கும் பள்ளி உண்டு. அங்கே 500க்கு மேற்பட்டோரிடம் செய்த ஆராய்ச்சி 2004இல் வெளியாயிற்று. விசாரணை செய்வோர் ஏறத்தாழ 40 நிமிடம் எதிரே நின்று அவர்களை மிரட்டினர். ஒரு நாள் கழித்து, வரிசையாக நிறுத்திய ஆட்களுள் அந்த விசாரணையாளரைக் காட்டச் சொன்னபோது, கடுமையான விசாரணைக்கு ஆளானோருள் 30 விழுக்காட்டினரே சரியாகக் காட்டினர். மென்மையான விசாரணையில் 62 விழுக்காடு. அரை மணிக்கு மேல் முகத்துக்கு நேர் முகமாக நின்ற மனிதன்! நீதிமன்றங்கள் சாட்சியை எடைபோடும் முறைக்கு இது விடுத்த எச்சரிக்கை மிகப் பெரிது.

இக்குறைபாட்டை அறிந்து அதற்கு மாற்று வகுத்தவர்களுள் விமானத் துறையினர் தலைசிறந்தவர்கள். 1935 அக்டோபர் 30ஆம் நாள், ஓஹையோ மாநிலத்தில் ரைட் ஃபீல்டு விமானத் தளத்தில் போயிங் நிறுவனத்தின் புதிய பெரிய விமானம் ஒன்று மேலெழுந்தவுடன் விழுந்து எரிந்தது. இருவர் இறந்தனர். இயந்திரத்தில் குறையில்லை. நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் அசையாதிருக்க வால் பகுதிக்குப் போடும் பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். ஓட்டியவர் அனுபவம் மிக்க படை விமானி. மனிதன் நினைவால் மட்டும் ஆளக்கூடியதைக் கடந்துவிட்டது அந்த விமானம் என்று கண்டு, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதிய அட்டை ஒன்றை வகுத்தனர். இன்று அறுவைச் சிகிச்சைக் கூடம் வரை அவ்வழக்கம் பரவியிருக்கிறது. அட்டையைப் பார்ப்பது அறியாமையின் அடையாளம் அன்று. நம் ஆசிரியருள் சிலர் பாடக் குறிப்பை மேசையில் வைக்க இன்றும் வெட்கப்படுகிறார்கள். அது வேறு கதை.

அட்டையும் பயிற்சியும் கூடினால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலிருந்து புறப்பட்ட விமானம் ஒன்றே சான்று. 1982 சூன் 24ஆம் நாள் கோலாலம்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் பறந்த பிரிட்டிஷ் விமானம், சாவாத் தீவின் தெற்கே இரவில் கலுங்குங் எரிமலையின் சாம்பலுக்குள் புகுந்தது. நான்கு இயந்திரங்களும் ஒன்றன் பின் ஒன்றாக நின்றுவிட்டன. உள்ளே 263 உயிர்கள். துணை விமானியின் பிராணவாயு முகமூடி கையோடு பிரிந்து வந்துவிட்டது. காற்று மெலிந்த உயரத்திலிருந்து விரைந்து கீழே இறங்க வேண்டியதாயிற்று. இயந்திரம் ஏன் நின்றது என்பதே அவர்களுக்குத் தெரியாது. ஆனால் மறுபடி இயக்குவதற்கான முறை தெரியும். அம்முறையைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் மீண்டும் செய்தார்கள். சாம்பலை விட்டு விமானம் கீழே இறங்கியதும் இயந்திரங்கள் உயிர் பெற்றன. சக்கார்த்தாவில் பத்திரமாக இறங்கினார்கள். காரணம் தேடும் அறிவு தளரும் வேளையில், கை அறிந்த வரிசை காப்பாற்றியது. பழக்கம் ஸ்டார்ம் கிங் மலையில் கெடுத்தது, இங்கே காத்தது. எதைப் பழக்கமாக்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதுவரை சொன்னவை நிமிடக் கணக்கான ஆபத்துகள். மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் சாவின் பக்கத்திலேயே வேலை செய்தோர் நிலை வேறு. அங்கே அச்சம் தனியே வருவதில்லை. பசி, காய்ச்சல், தூக்கமின்மை என்று தன் சுற்றத்தோடு வருகிறது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனின் திறமை, மது அருந்தித் தடுமாறத் தொடங்கியவனின் திறமைக்கு ஒப்பாகத் தாழ்கிறது என்பதை 1997இல் அளந்து காட்டினார்கள். பகலில் கண்டதை நினைவில் நிலைபெறச் செய்வதில் தூக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது பறிபோனால் அன்றைய நாள் சரியாகப் பதிவதே இல்லை.

பசி செய்யும் கேட்டை முதன்முதல் தெளிவாக எழுதியவர்களுள் சிலர் நம் பக்கத்திலேயே இருந்தனர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. அங்கே கைதிகளாக இருந்த பிரிட்டிஷ் மருத்துவர் டி வார்டனரும் லெனாக்ஸும், தீட்டிய வெள்ளை அரிசியையே பெரிதும் உண்டு வந்த கைதிகளிடம் புதுவகை நோய் ஒன்றைக் கண்டனர். உணவின் மேல் வெறுப்பு, வாந்தி, கண்விழிகளின் நடுக்கம், பதற்றம், பின்னர் அண்மையில் நடந்தவற்றை மறத்தல். பழைய செய்திகள் நினைவில் இருக்கும். சற்று முன் நடந்தது இராது. தயமின் என்னும் வைட்டமின் இல்லாமையால் மூளைக்கு நேரும் கேடு அது. கையில் இருந்த சிறிதளவு தயமினைக் கொடுத்தபோது பலர் தேறினர். 52 நோயாளரைப் பற்றிய குறிப்புகளை மண்ணில் புதைத்துக் காத்து, போர் முடிந்த பின் மீட்டு, 1947இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டனர்.

தமிழருக்கு இவ்விடத்தில் ஒரு பழைய உறவு உண்டு. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா ஈயச் சுரங்கங்களில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரை வாட்டியபோது, தோட்டத்துத் தமிழர்கள் பெரும்பாலும் தப்பியிருந்தனர். காரணம் புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது உமியை அடுத்த சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. கோலாலம்பூர் மனநோய் விடுதியில் 1905இல் ஃபிளெட்சர் என்ற மருத்துவர், ஒரு பகுதியினருக்குப் பச்சரிசியும் மறு பகுதியினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்து இதனைக் காட்டினார். நம் பாட்டிமார் அவித்துக் காயவைத்த நெல்லில் உடலுக்கு மட்டுமன்றி நினைவுக்கும் காவல் இருந்திருக்கிறது.

சயாம் இரயில் பாதைக்குப் போனவர்களுக்கு அந்தக் காவலும் இல்லாமற் போயிற்று. 1942இன் நடுவிலிருந்து 1943 அக்டோபர் வரை, சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை போடப்பட்டது. அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட போர்க்கைதிகளும், அவர்களினும் பல மடங்கு ஆசியத் தொழிலாளரும் அங்கே உழைத்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர் பல்லாயிரவர். இறந்த போர்க்கைதிகள் 12,000க்கு மேல் என்று கல்லறைக் கணக்கு உண்டு. ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் தொகை அதனினும் பல மடங்கு என்பதில் ஐயமில்லை. ஆனால் பெயர்ப்பட்டியல் இல்லை. கைதிகளிடையே மருத்துவர்கள் இருந்தார்கள், நாட்குறிப்பு எழுதினார்கள், படம் வரைந்தார்கள். நம்மவர்க்கு எஞ்சியது நினைவு ஒன்றே. அந்த நினைவோ, மேலே சொன்ன அத்தனை கேடுகளுக்கும் ஆளான நினைவு.

என் தாத்தா அங்கே போய்த் திரும்பியவர். பெரட்டுக்கு நின்ற இடத்திலிருந்தே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். 1990இல் நான் ஆசிரியப் பயிற்சி மாணவன். முதியோரின் அனுபவங்களை எழுதி வரும்படி ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். நோட்டுப் புத்தகத்தோடு லயத்துத் திண்ணையில் அவர் முன் உட்கார்ந்தேன். மூங்கில் பரணில் தம் வலப் பக்கம் படுத்திருந்தவர் விடியலில் விறைத்துக் கிடந்ததையும், அவர் இடுப்பில் இருந்த சுருக்குப் பையின் நிறத்தையும் சொன்னார். முகாமின் பெயர் தெரியவில்லை. அவரோடு போன பங்காளி பாலம் கட்டுவதற்கு முன் இறந்தார் என்று ஒருமுறை சொன்னார். பாலம் முடிந்த பின் என்று மறுமுறை சொன்னார். தேர்வுத்தாள் திருத்துவதைப் போல் நான் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு "முரண்" என்று எழுதினேன்.

"தாத்தா, எந்த மாசம்னு சரியாச் சொல்லுங்க" என்று கேட்டேன்.

"அங்க ஏதுப்பா மாசம்? மழ புடிச்சிருந்துச்சு. வாந்திபேதி வந்தது பாரு, அந்த மழ."

நான் மறுபடியும் மாதத்தைக் கேட்டேன். அவர் வெற்றிலைப் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பின் சயாமைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. 1994இல் காலமானார்.

மான் கல்சில் பாறை இடுக்கு வழியாகத் தப்பிய இருவரையும் 1978இல் அதே மலைக்கு மறுபடி அழைத்துச் சென்றார்கள். இருவரும் அறிவும் நாணயமும் உள்ளவர்கள். ஆயினும் அவர்கள் சுட்டிய இடங்கள் நிலத்தில் இருந்த பழைய சான்றுகளோடு முழுதும் ஒத்துப்போகவில்லை. தம் உயிரைக் காத்த இடத்தையே அவர்கள் நினைவு தவறவிட்டது. அவர்களைப் பொய்யர் என்று ஒருவரும் சொல்லவில்லை. இதனைப் படித்த நாளில்தான் என் சிவப்பு மை எனக்கு உறுத்தத் தொடங்கியது.

அமெரிக்க உளநூலார் ஃபிஷர், கைசெல்மன் இருவரும் 1980களில் சாட்சிகளிடம் கேட்கும் முறை ஒன்றை வகுத்தனர். காவல் துறையினர் பல நாடுகளில் அதனைப் பயில்கின்றனர். நாளும் மணியும் முதலில் கேட்பதில்லை. அந்த இடத்துக்கு மனத்தால் போகச் செய்து, என்ன வாடை அடித்தது, என்ன ஓசை கேட்டது, வெயிலா மழையா என்று தொடங்குவார்கள். இடையில் குறுக்கிட மாட்டார்கள். அற்பம் என்று தோன்றுவதையும் சொல்லச் சொல்வார்கள். பின்னர் கடைசியிலிருந்து தொடக்கத்துக்குத் திருப்பிச் சொல்லச் செய்வார்கள். இவ்வாறு கேட்டால் சரியான செய்திகள் கூடுகின்றன என்று பல சோதனைகள் காட்டியுள்ளன. சயாமுக்குப் பத்து வயதில் பெற்றோரோடு போன குழந்தைகளுக்கு இன்று தொண்ணூறு கடந்துவிட்டது. எஞ்சியிருப்போர் மிகச் சிலர். அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகள் நம் வகுப்பு மாணவரின் தாத்தா பாட்டிமாராக இருக்கிறார்கள். மாணவரை அவர்களிடம் அனுப்பும் ஆசிரியர், கேள்வித் தாளைத் தயாரிக்கும் முன் இம்முறையைச் சிறிது படித்துக்கொள்வது நன்று.

அந்த நோட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. அண்மையில் அதனை எடுத்துப் பார்த்தேன். சயாம் இரயில் பாதை முகாம்களில் காலரா பரவியது 1943ஆம் ஆண்டுப் பருவமழையோடு. மே, சூன் மாதங்களில். போர்க்கைதி மருத்துவர்களின் குறிப்புகள் அனைத்தும் இதனைச் சொல்கின்றன. "வாந்திபேதி வந்தது பாரு, அந்த மழ" என்று தாத்தா சொன்ன வரியை நான் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். அதன் கீழே, சிவப்பு மையில், "மாதம் தெரியவில்லை" என்று இருக்கிறது.